கை வைத்த வால்வு

எங்கள் பட்டறையைப் பூட்டி சீல் வைத்தது முறைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் மீன்கள் இருக்கின்றன. கொசுப் புழுவைத் தின்னும் சின்ன மீன்கள். தொட்டியில் புழு நெளிகிறது என்று சுகாதாரத் துறைக்காரர்கள் சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகு, ஒரு சின்னப் பெண் பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து விட்டாள். சிப்காட் வெயில் உங்களுக்குத் தெரியும். தொட்டி வற்றிவிடும். கான்ஸ்டபிள் யாரையாவது அனுப்பி ஒரு குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

வக்கீல் வேண்டாம். எனக்காக இன்னொருவர் பேசி நான் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

லோகுவை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன். பம்பை ஓட்டியவன் அவன்தான், ஆனால் பம்பை ஓட்டுவது அவன் வேலை. அழுத்தமானியில் முள் மெதுவாக ஏறியது என்று அவன் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று கேள்விப்பட்டேன். நம்புங்கள், மெதுவாகத்தான் ஏறியது. ஏன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

நான் கடம்பத்தூர்க்காரன். பெயர் தேசப்பன். இருபது வயதிலிருந்து ரயில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே படித்து, வேலைக்குப் போய், கடைசியில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கம்பெனி. எண்ணெய்க் கிணறுகளுக்கு வேண்டிய வால்வுகளைப் பழுது பார்த்து, சோதித்து அனுப்புகிறவர்கள். தென்மண்டலத்துக்குத் தரக்கட்டுப்பாட்டுத் தலைவன் நான். அங்கே என் பெயரை முழுதாகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ‘டெஷ்’ என்று வைத்தார்கள். அவர்கள் வீட்டு நாய்க்கு இதைவிட நீளமான பெயர் இருக்கும். தலை நரைக்கும்வரை ‘டெஷ்’ என்று கூப்பிட்டால் ‘எஸ்’ என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வால்வு என்றதும் சமையலறை கேஸ் சிலிண்டரை நினைக்காதீர்கள். கிணற்றின் வாயில் ஆளுயரத்துக்கு நிற்கும் இரும்பு அது. பூமிக்கு அடியிலிருந்து சீறிக்கொண்டு வருவதை அடக்கிப் பிடிப்பது அதுதான். அது விட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவனைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

அப்படி ஒரு வால்வின் உடம்பில் விரிசல் இருந்தது. தூக்கிப் போட வேண்டிய சரக்கு. என் மேலதிகாரி சந்திரமோகன், அதை மேலாக வெல்டிங்கில் பற்றவைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பச் சொன்னார். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, “சார், இதுக்குப் பக்கத்துல உங்க புள்ளைய நிக்க வைப்பீங்களா?” என்று கேட்டேன்.

தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்திரமோகன் சிரித்தார். “டெஷ், எமோஷனல் ஆகாதீங்க” என்றார். வால்வு ஆந்திரக் கரைக்குப் போனது. நான் அன்று மாலையே ராஜினாமா செய்தேன். நடைவழியில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இதுவரை என் முகத்தைப் பார்க்காதவர்கள் கண் கலங்கினார்கள். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, என் கல்யாணத்தில்கூட.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வால்வு வெடிக்கவில்லை. காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, போனை எடுத்துச் செய்தி பார்ப்பேன். அந்தப் பக்கத்துக் கிணறு எதிலாவது விபத்து என்று வந்திருக்கிறதா என்று. ஒன்றும் வந்திருக்காது. இன்றைக்கும் அது ஏதோ ஒரு வயலுக்கு நடுவில் சொட்டு ஒழுகாமல் நின்றுகொண்டிருக்கிறது. சந்திரமோகனுக்குப் பதவி உயர்வு வந்தது. அது எனக்கு ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன். நான் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இந்த ஷெட்டைப் பிடித்தேன். முன்னால் அது போல்ட் செய்கிற கம்பெனியாக இருந்தது. பக்கத்தில் இரும்பு உருக்குகிற ஆலை. காலையில் வெள்ளைச் சட்டை போட்டு வந்தால் மத்தியானத்துக்குள் கருப்புத் தூசி படிந்துவிடும். கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தவனுக்கு இது தேவையா என்று என் மனைவி ரத்னா கேட்டாள். என் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் எனக்குத் தேவையாக இருந்தது.

நான் கூப்பிடாமலே பென்னி வந்தான்.

கண்ணாடிக் கட்டடத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த இன்ஜினீயர் அவன். அந்த மீட்டிங்கில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். கும்மிடிப்பூண்டியில்தான் வீடு. அவன் அப்பா யேசுதாஸ் முதலில் அடுத்தவர் வயலில் கூலி, பிறகு இரும்பு ஆலையில் கூலி. அந்தக் குடும்பத்தில் முதல் இன்ஜினீயர், வெளிநாட்டுக் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு என் தகரக் கொட்டகைக்கு வந்து நின்றான். மனைவி ஜெனிபர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். “சாரு இன்னா கேட்டாரு தெரியுமா” என்று அந்த மீட்டிங் கதையையே அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வாயை அடைத்திருக்கிறான். வாடிக்கையாளர், லாரிக்காரர், டீ கொண்டுவருகிறவர் என்று யார் வந்தாலும் அவனுக்கு அந்தக் கதைதான். நான் அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் சொல்லும்போது நான் நிஜத்தில் இருந்ததைவிட நன்றாக இருப்பேன்.

சோதனைக் கூடத்துச் சுவரில் நீல பெயின்டில் அதை எழுத வைத்தவனும் பென்னிதான். ‘இதன் பக்கத்தில் உங்கள் பிள்ளையை நிறுத்துவீர்களா?’ நீங்களும் பார்த்திருப்பீர்கள், இப்போது பாதிதான் இருக்கிறது. கீழே உங்கள் பெயரைப் போடட்டுமா சார் என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அடக்கமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அது தப்பு. இந்த விஷயம் முழுவதிலும் நான் வருத்தப்படுகிற தப்பு.

எங்கள் சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மீதி உங்களுக்குப் புரியும். வால்வுக்குள் தண்ணீரை நிரப்பி பம்பால் அழுத்தம் ஏற்றுவோம். தண்ணீர் மட்டும் இருந்தால் பெரிய பயமில்லை. இரும்பு விட்டால் புஸ்ஸென்று ஒழுகி அடங்கிவிடும். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் கதை வேறு. காற்றைச் சுருக்கச் சுருக்க அது உள்ளே வெடிகுண்டு. அதனால் வால்வின் உச்சியில் சின்னத் திருகு ஒன்று உண்டு. தண்ணீர் ஏற ஏறக் காற்று அதன் வழியாகச் சீறும், பிறகு எச்சில் போலத் துப்பும், பிறகு நூல் பிடித்த மாதிரி தண்ணீர் வரும். அப்போதுதான் திருகை மூட வேண்டும். பம்பு இருப்பது சிமென்ட் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து லோகு, “காத்து?” என்று குரல் கொடுப்பான். திருகைப் பிடித்திருப்பவர், “போச்சு” என்பார். அந்தச் சொல் கேட்காமல் லோகு பம்பில் கை வைக்க மாட்டான். கேட்டுவிட்டால் மறுபேச்சு பேச மாட்டான். எங்கள் பட்டறையின் சட்டமே அதுதான்.

நான் இன்னும் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முழு அழுத்தத்தில் வால்வு நிற்கும்போது உள்ளே போய், மாட்டின் முதுகில் கை வைப்பது போல அதன் மேல் கை வைத்து நிற்பேன். எந்தப் பாதுகாப்பு விதியும் அதற்கு இடம் கொடுக்காது, தெரியும். ஆனால் வாடிக்கையாளர் மிரண்டுபோவார். ராஜமுந்திரிப் பக்கத்து ஆட்கள் போன் செய்து, “கை வெச்ச வால்வு கொடுங்க” என்றே கேட்பார்கள். பிறகு பென்னியும் கை வைக்க ஆரம்பித்தான். எனக்கு முதுகு வலி வந்த பிறகு பெரும்பாலும் அவன்தான். ‘கை வெச்ச வால்வு’ என்றால் யாருடைய கை என்று யாரும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. சின்ன உறுத்தல்தான்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் பெரிய வேலை கொடுத்தார். அதில் ஒரு வால்வின் உடம்பில் விரிசல். திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அது நேராகச் சந்திரமோகனிடம் போகும். அவர் பற்றவைத்துக் கொடுப்பார், வாடிக்கையாளரும் அங்கேயே தங்கிவிடுவார். அந்த மனிதர் இன்னொரு முறை சிரிப்பதற்கு நான் வழி செய்து கொடுக்க வேண்டுமா? வெல்டர் அப்பாவுவைக் கூப்பிட்டுப் பற்றவைக்கச் சொன்னேன். தேய்த்து, பெயின்ட் அடித்தோம். இரண்டும் ஒன்றுதானே என்று உங்கள் முகம் கேட்கிறது. ஒன்றில்லை. அவர் செய்தது லாபத்துக்காக. நான் செய்தது அவர் கையில் அது போகக் கூடாது என்பதற்காக.

பென்னி ஊரில் இல்லாத நாள் பார்த்துத்தான் செய்தேன். அவன் திரும்பி வந்ததும் பெயின்டைச் சுரண்டி, சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்துவிட்டான். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். தெரிந்தது. நாஷ்டா நேரம், எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். பென்னி ஆபீசில் சுத்தமாகப் பேசுவான், சூடு ஏறினால் மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

“இன்னா சார் இது? வெல்டிங்குக்கு அடீல கோடு போய்க்கினே கீது. யாரு செய்யச் சொன்னது?”

நான்தான் என்றேன்.

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “இது பக்கத்துல ஏஞ்சலைக் கொணாந்து நிக்க வெப்பனா நானு? நீங்க வெப்பீங்களா சார்?”

ஏஞ்சல் அவன் மகள். மீன் கொண்டுவந்து விட்டவள்.

“கஸ்டமருக்கு நீங்களே சொல்லிடுங்க சார். இல்லாங்காட்டி நான் சொல்றேன். ரெண்டும் வாணாம்னா நான் கெளம்பறேன்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். அப்பாவு கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டார். லோகு மென்றுகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். கம்ப்யூட்டர் பார்க்கிற தமிழ்செல்வி கதவோரம் வந்து நின்றாள். மூன்று பேரும் பென்னியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடிக் கட்டடத்து நடைவழியில் அது என் மேல் விழுந்த பார்வை. அந்தக் கேள்வி என்னுடையது. அதற்காக நான் வேலையை விட்டேன், கருப்புத் தூசியைத் தின்றேன். அதை என் சுவரிலிருந்தே எடுத்து என் மூஞ்சியில் வீசுகிறான், என் சம்பளம் வாங்குகிறவன். நாளைக்கு இவன் ராஜினாமா செய்வான். ஊரெல்லாம் இவன் கதையைச் சொல்லும். அந்தக் கதையில் நான் யார்? சந்திரமோகன்.

ஆனால் நான் சிரிக்கவில்லை, எமோஷனல் ஆகாதே என்று சொல்லவில்லை. அந்த விதத்தில் நான் அவரைவிட மேல். “நீ சொல்றது சரி, பென்னி” என்றேன். “நாளைக்குக் காலையில பாதி அழுத்தத்துல தண்ணி ஏத்திப் பார்ப்போம். எங்க கசியுதுன்னு சாக்பீஸ்ல மார்க் பண்ணி போட்டோ எடு. அதைக் காட்டி நானே கஸ்டமர்கிட்ட சொல்றேன்.”

அவன் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தொலைந்துபோன அப்பனைக் கண்டுபிடித்தவன் மாதிரி இருந்தான்.

அன்று வீட்டுக்குப் போய், ரத்னா சுட்ட தோசையைச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன். தூங்க முடியாமல் தவித்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

காலையில் எனக்கு முன்பே பென்னி வந்திருந்தான். “ஜெனிபர்கிட்ட நைட்டே சொன்னேன் சார். சாரு மாற மாட்டாரு, ஏதோ டென்ஷன்ல பண்ணிட்டாருன்னு” என்றான். நான் அவன் தோளில் தட்டினேன். டார்ச்சும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு வால்வுக்கு அடியில் குனிந்தான். வழக்கமாகத் திருகைப் பிடிப்பது அவன்தான். அன்று நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் அவன் எப்படி நிற்பான்?

தண்ணீர் ஏறியது. காற்று சீற ஆரம்பித்தது. அது சீறிக்கொண்டிருக்கும்போதே திருகை மூடினேன். உடம்பில் பாதிக்கு மேல் காற்று இருந்திருக்கும். ஆலைச் சத்தத்தில் சீறல் நின்றது அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் திருகில் இருந்தது என் கை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லோகு கேட்டான்.

“காத்து?”

“போச்சு” என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். அவனை நான் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். பம்பு அடிக்க ஆரம்பித்தது.

லோகு முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சார், முள்ளு மெதுவா ஏறுது. உள்ள காத்து கீதா இன்னா?”

“ஹோஸ் புதுசுடா, விரியுது. ஏத்து.”

“பாதிக்கு வந்தா நிறுத்திடவா சார்?”

“நான் சொல்றேன். ஏத்து.”

அவன் ஏற்றினான். பாதியைத் தாண்டியது. நான் சொல்லவில்லை. உள்ளேயிருந்து பென்னியின் குரல் வந்தது. “இங்க கீது சார். கோடு மேலயே கசியுது.” சந்தோஷமாகத்தான் சொன்னான். கண்டுபிடித்துவிட்டானே.

வால்வு வெடித்து, அதன் மூடி கூரையைத் துளைத்துக்கொண்டு எங்கே போய் விழுந்தது என்று நீங்களே அளந்து பார்த்திருக்கிறீர்கள். அவன் தலைக்கவசம் போட்டிருந்தான். பட்டறை விதிகளை மதிக்கிறவன்.

கொல்ல வேண்டும் என்றுதான் செய்தேனா என்று கேட்பீர்கள். யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். ஆமாம். ஆனால் அது மட்டும் இல்லை. பற்றவைத்த வால்வு வெடிக்கும், பக்கத்தில் நிற்பவன் சாவான் என்று அந்த மீட்டிங்கில் நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அந்த வால்வும் என்னை ஏமாற்றிவிட்டது. இந்த வால்வு ஏமாற்றவில்லை. சத்தம் கேட்டதும் லோகு அலறிக்கொண்டு உள்ளே ஓடினான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். இத்தனை வருடம் கழித்து, நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

லோகுவைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். வந்திருக்கலாம். காரியங்கள் இருந்தன. கல்லறைக்குப் போனேன், பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். ஜெனிபர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அவரு வாயத் தொறந்தா உங்க பேச்சுதான் சார்” என்று அழுதாள். ஏஞ்சல், தொட்டி மீனுக்கு யார் சார் பொரி போடுவாங்க என்று கேட்டது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் வந்ததும் முதலில் அதைச் சொன்னேன்.

லோகுவின் பெண்டாட்டி தினமும் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் சாப்பாடு போட்டு அனுப்பச் சொன்னேன் ரத்னாவிடம். நான் ஈரமில்லாதவன் இல்லை.

இன்று மாலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் போனேன். நாற்சந்தியில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். கூலிங் கிளாஸ் போட்ட பென்னி. கண்ணீர் அஞ்சலி. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘இதன் பக்கத்தில் உங்கள் பிள்ளையை நிறுத்துவீர்களா?’ அதற்கும் கீழே, ‘என்று கேட்ட எங்கள் பென்னி.’ சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற பசங்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஒருவன் சட்டையில்கூட அதை அச்சடித்துப் போட்டிருந்தான். ஒரு டிவிக்காரப் பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைக் கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேனர் கட்டிய பையனிடம் மெதுவாகத்தான் கேட்டேன். இது அவன் சொன்னது இல்லையே தம்பி என்று.

“யாரு சொன்னா இன்னா சார்,” என்றான். “அதுக்காவ செத்தவரு அவருதான?”

பேனரில் அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். பிறகு ஆட்டோ பிடித்து இங்கே வந்தேன்.

லோகுவுக்காகத்தான் வந்தேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். எழுதியதைக் கொடுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். திருகை மூடியது, காற்று போச்சு என்று சொன்னது, ஏற்றச் சொன்னது, எல்லாம் நான்தான். தூக்கோ ஆயுளோ, உங்கள் சட்டம் சொல்கிறபடி ஆகட்டும். பெயரை மட்டும் முழுதாக எழுதுங்கள். தேசப்பன். அதற்குப் பக்கத்திலேயே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நாளைக்குப் பேப்பர்காரர்கள் வந்தால் அவர்களிடமும் முதலில் இதைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவன் பென்னி இல்லை, நான்.